பன்னிரண்டு விளக்கும் ஒரே வயரும்

அந்த ஜீப்பின் கதவுகள் உள்ளேயிருந்தும் திறக்காமல், வெளியேயிருந்தும் திறக்காமல் போன சாயங்காலம், உள்ளே மாட்டிக்கொண்டது மெயின் அண்ணனின் மனைவி. வெளியே நின்றது மெயின் அண்ணன். உள்ளே இருந்தவள்தான் அதிகம் பயந்திருப்பாள் என்று தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். தெருவுக்கு என்ன தெரியும்.

அவர் வீட்டு வயரிங் வேலை பார்ப்பவர். இருபத்தாறு வருஷ அனுபவம். யார் என்ன கோளாறு என்று கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்: "மெயின அணைச்சாச்சா?" ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்றாலும் அதுதான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் மயங்கி விழுந்தபோது ஓடிவந்து அவர் தலைமாட்டில் நின்றும் அதையே கேட்டார். அன்றிலிருந்து அவர் மெயின் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருக்கலாம்.

கரண்ட்டுக்குப் பயப்படாத மனிதர். அது அவரைப் பலமுறை அடித்திருக்கிறது. ஒருமுறை அடித்த அடியில் கைக்கடிகாரம் பின்னோக்கி ஓடி, காலையில் சாப்பிட்டதையே அன்றைக்கு இரண்டாவது முறையும் சாப்பிட வேண்டியதாயிற்று. அதைக்கூட அவர் குறையாகச் சொன்னதில்லை. அவர் பயந்தது இருட்டுக்கு. அதுவும் பிறவியிலேயே வந்த பயம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் மலைப்பாதையில் வந்தது.

மலை உச்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வயரிங் இவருடைய பொறுப்பு. கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் சாதாரண வண்டி ஏறாது என்பதால்தான், நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய ஜீப்பை வாங்கியிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து இறங்கும்போது, மரங்கள் கூடி நிற்கும் ஒரு வளைவில் முன்விளக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. எஞ்சினும் நின்றது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கறுப்பு. அப்போது வண்டியைச் சுற்றி ஏதோ நடந்தது. நிதானமான நடை. அவர் பக்கத்துக் கதவின் அருகே வந்து நின்றது. கண்ணாடியில் மூச்சு விட்டது. பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. டக், டக், டக்.

கால் மணி நேரத்தில் விளக்கு தானாகவே மறுபடி எரிந்தது, எஞ்சினும் கிளம்பியது. அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கண்ணாடியின் வெளிப்பக்கம் தட்டு அகலத்துக்கு ஒரு பனிப்படலம் அப்படியே இருந்தது.

"மாடா இருக்கும்" என்றாள் மனைவி.

"மாடு கைப்பிடிய இழுத்துப் பாக்குமா?"

"உங்க கை வேர்வையில அந்தக் கைப்பிடி ஊறிக் கெடக்கு. உப்புக்கு நக்கியிருக்கும்."

அவள் தையல்காரி. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். அந்த வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினும், அதன் மேல் பத்து அங்குலக் கத்திரி ஒன்றும் இருக்கும். அந்தக் கத்திரி துணியைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. காகிதம்கூடக் கூடாது, முனை போய்விடும். ஒருமுறை மெயின் அண்ணன் அவசரத்துக்கு அதில் வயரின் தோலைச் சீவிவிட்டார். பதினொரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பதினொரு நாளும் அவருடைய சட்டைகளின் இடது கை மட்டும் நாளுக்கு அரை அங்குலமாகக் குறைந்துகொண்டே வந்தது. பதினோராவது நாள் அவர் மன்னிப்புக் கேட்டபோது முழங்கை தெரிந்தது.

மாடு என்று அவள் முடித்துவிட்டாலும் அவர் முடிக்கவில்லை. வாத்தியார் வாரம் தவறாமல் போன் செய்தார். இவரும் வாரம் தவறாமல் ஒரு காரணம் சொன்னார். அந்த இடைவெளியில் வீட்டு முற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, அதற்கு விளக்குப் பூட்ட ஆரம்பித்தார்.

முதலில் பம்பரில் இரண்டு. அது போதாது என்று கூரையில் நான்கு. பக்கவாட்டில் இருட்டு மிச்சமிருப்பதாகத் தோன்றியதால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, எல்லாவற்றையும் முன்னால் திருப்பி. ஆக மொத்தம் பன்னிரண்டு. நான்கை மட்டும் போட்டுப் பார்த்த முதல் நாளே அடுத்த தெருக் கோழிகள் விடிந்துவிட்டது என்று எழுந்து, ஆளுக்கு ஒரு முட்டை கூடுதலாக இட்டன. விளக்குச் சோதனை என்று தெரிந்தாலே எதிர்வீட்டார் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பது வழக்கமாயிற்று.

விளக்கோடு நிற்கவில்லை. கதவுக் கண்ணாடிகளுக்கு வெளியே இரும்பு வலை அடித்தார். நாலு கதவையும் ஒரே சுவிட்சில் பூட்டுகிற மோட்டார் வைத்தார். கண்ணாடி இடுக்கில் கம்பி விட்டுத் திருடர்கள் தூக்கிவிடுவார்கள் என்று பூட்டுக் குமிழ்களை வெட்டி எறிந்தார். தெரியாமல் கை பட்டுத் திறந்துவிடும் என்று உள் கைப்பிடிகளைக் கழற்றினார். கையால் சுற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடிகளையும் மோட்டாருக்கு மாற்றினார். கடைசியில், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, வீட்டுச் சுவரில் வைக்கிற தேக்குப் பலகை ஒன்றை டேஷ்போர்டில் திருகி, அதில் வீட்டுக்கு வைக்கிற சுவிட்சுகளையே வரிசையாக வைத்தார். ஹாரனுக்கு வாசல் மணி அடிக்கிற பொத்தான். அத்தனைக்கும் கரண்ட் போனது ஒரே ஒரு சிவப்பு வயரில். இடது இருக்கைக்கு அடியில் இருந்த பேட்டரியிலிருந்து கிளம்பி, தரை விரிப்புக்குள் ஊர்ந்து, பலகைக்கு ஏறியது. அந்த வயர் வெளியே தெரியாமல் இருக்க, இருக்கை உறைகளோடு சேர்த்து அதற்கும் ஒரு துணிக்குழாய் தைத்துக் கொடுத்திருந்தாள் மனைவி.

அவளுடைய தம்பி லாரி மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தவன் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தான். மாமா கல்யாண மண்டபத்துக்குச் சக்கரம் வைத்திருக்கிறாரா என்று அக்காவிடம் விசாரித்தான். அப்புறம் குனிந்து விரிப்பைத் தூக்கினான்.

"மாமா, இது என்ன வயர்?"

"வீட்டு வயர்தான். ஒரு வீட்டோட லைட்டு, ஃபேன் எல்லாம் இதுல ஓடுது."

"வீட்டுல ஓடும். வண்டியில ஓடாது மாமா. எரிஞ்சிரும்."

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. வீட்டுக் கரண்ட் ஓட்டக்காரன் மாதிரி. ஒருத்தன் வேகமாக வந்தாலே காரியம் முடிந்துவிடும், அவனுக்குச் சந்து போதும். வண்டிக் கரண்ட்டுக்கு வேகம் கிடையாது. அதே வேலைக்கு அது பெருங்கூட்டமாகத்தான் வரும். சந்தில் விட்டால் நெரிசலில் சந்தே சூடாகும். ஆனால் இருபத்தாறு வருஷம் ஓட்டக்காரனோடு மட்டுமே பழகியவருக்குக் கூட்டத்தின் மேல் மரியாதை வரவில்லை. விரல்களை எச்சிலில் நனைத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துக் காட்டினார்.

"கடிக்குதா பாத்தியா? பன்னெண்டு வோல்ட்டு. பல்லே மொளைக்காத கரண்ட்டு மச்சான் இது."

மச்சான் வாதாடவில்லை. தன் லாரியிலிருந்து தடித்த வயர் ஒரு சுருளும், சிவப்புக் குமிழ் வைத்த ஒரு பெரிய சுவிட்சும் எடுத்துக்கொடுத்தான். பேட்டரி பக்கத்திலேயே அந்தச் சுவிட்சை வையுங்கள், ஒரு திருகு திருகினால் வண்டி முழுக்கச் செத்துவிடும், வண்டிக்கு அதுதான் மெயின் என்று சொல்லிவிட்டுப் போனான். மெயின் அண்ணன் அந்தச் சுருளைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டார். சிவப்புக் குமிழை வீட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்தார். வண்டிக்குப் போய் யாராவது மெயின் வைப்பார்களா.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வருவதாக வாத்தியாரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தனியாகப் போகமாட்டேன் என்று மெயின் அண்ணன் சொல்ல, அந்த மாட்டை நானும் பார்க்கிறேன் என்று மனைவி கூட வரச் சம்மதித்திருந்தாள். வியாழக்கிழமை பொழுது சாய்ந்து, முற்றத்தில் முகம் தெரியாத அளவுக்கு இருட்டியதும், முதல்முறையாகப் பன்னிரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க அவர் முடிவு செய்தார். அவள் அப்போது வண்டிக்குள்தான் இருந்தாள். இடது இருக்கை உறையின் ஓரத்தில் பிசிறு நூல்களைக் கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படியே சுவிட்சப் போடு. நான் எண்ணுறேன்."

எண்ணுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. விளக்கைப் பார்த்து எண்ணினால் கண் போய்விடும். அதனால் வண்டிக்கு முதுகைக் காட்டி, எதிரே இருக்கும் சுற்றுச்சுவரைப் பார்த்து நிற்பார். விளக்குக்கு ஒரு நிழல் வீதம் அவருடைய நிழல் சுவரில் விழும். நிழலை எண்ணினால் போதும்.

ஒன்று போட்டாள். சுவரில் ஒரு மெயின் அண்ணன். இரண்டு, மூன்று, நான்கு. அவருக்கு அண்ணன் தம்பிகள் கூடிக்கொண்டே போனார்கள். பன்னிரண்டு விழுந்தபோது சுவரே ஒரு ஊர்வலமாகிவிட்டது. இத்தனை பேர் துணைக்கு இருக்க இனி எந்த வளைவுக்குப் பயப்பட வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கண்ணாடிய ஏத்து. கதவுப் பூட்டையும் போட்டுரு."

"இப்ப எதுக்குப் பூட்டு?"

"காட்டுல எல்லாம் சேந்துதான ஓடணும். போடு."

நான்கு கதவும் ஒரே நேரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. நல்ல கனமான சத்தம். அதைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் நிழல்களை இன்னொரு தடவை எண்ணினார். மனதுக்குப் பிடித்ததை மனிதன் இரண்டு தடவை எண்ணுவான்.

பன்னிரண்டு கொஞ்சம் வெளுத்திருந்தன. வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டுக்கு அப்புறம் இன்னொன்று இருந்தது.

பதின்மூன்று.

திரும்ப எண்ணினார். பதின்மூன்று. அவர் கையைக் காலை அசைக்கவில்லை. பன்னிரண்டும் அசையாமல் நின்றன. பதின்மூன்றாவது மட்டும் அசைந்தது. மற்றவற்றைவிட அது உயரமாக இருந்தது, ஓரங்கள் சிவந்திருந்தன. தோளை ஆட்டியது, குனிந்தது, நிமிர்ந்தது. அவருடைய உருவத்தைப் போட்டுக்கொண்டு, உள்ளே வேறு யாரோ இருப்பதுபோல.

பின்னால் சத்தம் வந்தது. டக், டக், டக்.

அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்று மாதமாகத் தூக்கத்தில் கேட்கிற சத்தம். கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற சத்தம். மலையிலிருந்து இறங்கி, வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டது. அவருக்கும் வண்டிக்கும் நடுவில்தான் அது நிற்கிறது. அதனுடைய நிழல்தான் இது. திரும்பினால் முகம் தெரியும். கழுத்து திரும்ப மறுத்தது. வாசல் மணிப் பொத்தானை அவள் அழுத்துவதும், ஹாரன் நோயாளி முனகுவதுபோல இழுத்து அடங்குவதும் கேட்டது. அதன் மேல் இன்னும் வேகமாக டக், டக், டக். கண்ணாடியை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று பின்னால் அவரே கணக்குச் சொன்னதுண்டு: ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை நிதானமாக எண்ணுகிற நேரம். அவர் வாழ்நாளில் ரப்பர் வைத்து அழிக்க ஆசைப்பட்டது அந்த நேரத்தை மட்டும்தான்.

அவரை விடுவித்தது மூக்கு. வயர் கருகுகிற நாற்றம் வந்தது.

நாற்றம் வந்ததும் பயந்தவர் விலகி, வயரிங்காரர் வந்தார். கழுத்து திரும்பியது. முன்கண்ணாடிக்குப் பின்னால், தேக்குப் பலகைக்கு அடியில், இடது பக்கத்துக் கால் வைக்கிற இடத்திலிருந்து தீ பலகைக்கு மேலே எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவது விளக்கு அதுதான். பூட்டைத் திறக்கிற சுவிட்சை அவள் தட்டத் தட்ட, வலுவில்லாத மோட்டார் எழ முயன்று எழ முயன்று விழுந்துகொண்டிருந்தது. டக், டக், டக் என்றது அதுதான். கண்ணாடிகளும் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் கரண்ட் கொண்டுபோகிற அந்த ஒரே வயர்தான் எரிந்துகொண்டிருந்தது. புகைக்குள் ஒரு கை தெரிந்து மறைந்தது.

மெயின் அண்ணன் ஓடினார். இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னதை அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே செய்தன. இருபத்திரண்டு எட்டில் முற்றத்தைக் கடந்து, வீட்டுக்குள் பாய்ந்து, மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

வீடு அணைந்தது. அறை விளக்கு, வாசல் விளக்கு, தையல் மெஷின் விளக்கு எல்லாம் போயின. குளிர்சாதனப் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

ஜீப் எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சைப் பிடித்த கையோடு அவர் அதைப் பார்த்தார். வாசல் வழியே வந்த பழுத்த வெளிச்சத்தில், அவர் மூக்குக்கு நேர் கீழே, அலமாரியில் அந்தச் சிவப்புக் குமிழ் உட்கார்ந்திருந்தது. வண்டிக்கு அதுதான் மெயின் மாமா.

அவர் வாசலுக்கு வந்தபோது ஜீப்புக்குள் ஒரு நீலப் பொறி வெட்டியது. பன்னிரண்டு விளக்கும் ஒன்றாகப் போயின. தீயின் சிவப்பும் இரண்டு முறை துடித்து, எதையோ போட்டு மூடியதுபோல அடங்கியது.

அதன்பிறகு ஒன்றுமில்லை. அத்தனை வெளிச்சத்துக்குப் பின்னால் வருகிற இருட்டு சாதாரண இருட்டில்லை. அது முகத்தில் வந்து இடிக்கும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. அவருக்கு அது பழகிய கறுப்புதான். எதிர்வீட்டுத் தொலைக்காட்சி எங்கோ சிரித்தது.

"இந்தா" என்று கூப்பிட்டார். கல்யாணமான நாள் முதல் அவர் அவளைக் கூப்பிடுகிற பெயர் அதுதான். பதில் இல்லை. "இந்தா" என்றார் இன்னொரு தடவை. பதில் இல்லை.

நாலு எட்டு பின்னால் போனால் மெயின் சுவிட்ச். தூக்கிவிட்டால் வீடு முழுக்க வெளிச்சம். முன்னால் இருபத்திரண்டு எட்டு இருட்டு, அதன் முடிவில் அவள். அவருடைய உடம்பு பின்னால் போகத்தான் கேட்டது. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. அவர் முன்னால் போனார். மூன்றாவது எட்டில் மச்சான் கொடுத்த வயர்க்கொடி கழுத்தில் மாட்டியது. ஈரத் துணி ஒன்று முகத்தைத் தடவியது. அது ஈரத் துணிதான் என்று தெரிந்தே அவர் நடுங்கினார். அதை விலக்கிவிட்டுப் போனார்.

வண்டி கைக்குத் தட்டுப்பட்டது. தடவிக்கொண்டே சுற்றி வந்தார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. முகத்தை வலையில் வைத்து அழுத்தி உள்ளே பார்த்தார். அவருடைய மூச்சு கண்ணாடியில் படிந்து, தெரிய வேண்டியதையும் மறைத்தது. அடுத்த கதவுக்குப் போனார். அங்கேயும் இழுத்தார். அங்கேயும் மூச்சு. உள்ளே ஏதோ இருமியது.

வலையைப் பிடித்திருந்தவை நான்கு சாதாரணத் திருகாணிகள். அவ்வளவு பாதுகாப்பு யோசித்தவர் அதில் மட்டும் அசட்டையாக இருந்துவிட்டார், திருடனிடம் டெஸ்டர் இருக்காது என்ற நம்பிக்கையில். அவருடைய சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாத நாள் கிடையாது. விரல் நுனியால் திருகாணியின் காடியைத் தேடி, டெஸ்டரை வைத்துத் திருகினார். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் கை வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. அது ரத்தமா வேர்வையா என்று இருட்டில் தெரியவில்லை, ஒன்றுதான். நான்காவதைத் திருகப் பொறுமை இல்லை. வலையையே பிடித்து வளைத்தார். இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரால் கண்ணாடியை அடித்தார். அது கற்கண்டாக உதிர்ந்தது. புகை அவர் முகத்தில் வந்து மோதியது, அதற்குப் பின்னால் அவள் கைகள் வந்தன.

ஜன்னல் வழியே அவளை இழுத்தார். அளவெடுத்துத் தைத்தது மாதிரி அந்த ஓட்டை அவளுக்குச் சரியாக இருந்தது. அரை அங்குலம்கூட விடவில்லை. இருவரும் முற்றத்து மண்ணில் விழுந்தார்கள்.

நடந்தது இதுதான். சுவிட்சை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் அவள் இடது இருக்கைக்கு அடியில் கையை விட்டிருக்கிறாள். துணிக்குழாய் எங்கே தொடங்குகிறது, எங்கே தையல் முடிகிறது என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, அவள் தைத்தது. குழாயை விரலால் பிளந்து, கத்திரியை நுழைத்து, வயரை வெட்டிவிட்டாள். புதிய இருக்கை உறையை அப்படியே உருவித் தீயின் மேல் போட்டு அமுக்கினாள். மீதி உறையைச் சுருட்டி வாயில் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்து கிடந்தாள். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூச்சு திரும்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வெளிய ஏதோ சுத்துச்சு" என்றாள். குரல் கரகரத்தது. "கைப்பிடிய இழுத்துச்சு. கண்ணாடியில மூச்சு விட்டுச்சு."

"நான்தான்."

"தெரியும். மாடு இப்படி அழாது."

அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஈரமாகத்தான் இருந்தது. இதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, விளக்குச் சோதனை முடிந்துவிட்டதா, கோழிகள் தூங்க வேண்டாமா என்று ஒரு குரல் விசாரித்தது. முடிந்துவிட்டது என்று அவள்தான் பதில் சொன்னாள். அப்புறம் மடியில் இருந்த கத்திரியை விரலால் தடவினாள். வெட்டும் அலகில், நடு இடத்தில், பொறி தின்ற அரைவட்டம் ஒன்று இருந்தது.

"போச்சு" என்றாள். அவர் தன் சட்டையின் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை மச்சான் வந்தான். கொடியில் காய்ந்த துணிகளை மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, தன் வயரை அவிழ்த்து, கருகிய வயருக்குப் பதிலாக வண்டிக்குள் இழுத்தான். மாலைக்குள் பன்னிரண்டு விளக்கும் இறங்கின. தேக்குப் பலகை இறங்கியது. வலைகள் பழைய இரும்புக்குப் போயின. கைப்பிடிகள் திரும்பி வந்தன. சிவப்புக் குமிழைப் பேட்டரி பக்கத்தில் மெயின் அண்ணன் தன் கையாலேயே பூட்டினார். உடைந்த ஜன்னலுக்கு அவள் கெட்டித் துணியில் ஒரு திரை தைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். அந்த அரைவட்டம் வருகிற இடத்தில் எல்லாம் துணி பிசிறியது. அதையும் வைத்துத்தான் தைத்தாள்.

வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாயிற்று. போனார்கள், வேலை முடிந்தது, வாத்தியார் வீட்டில் விளக்கு எரிந்தது. இறங்கும்போது பொழுது போய்விட்டது. அந்த வளைவு வந்ததும் அவளே சொன்னாள், நிறுத்துங்கள், அந்த மாட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அவர் வண்டியை நிறுத்தி, இருக்கைக்கு அடியில் கையை விட்டுச் சிவப்புக் குமிழைத் திருகினார். எல்லாம் செத்தது.

உட்கார்ந்திருந்தார்கள். மரங்கள் தெரியவில்லை. அவர் கை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வந்தது. நிதானமான நடை. பின்னாலிருந்து தொடங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் பக்கத்தில் நின்றது. அங்கேதான் கண்ணாடி இல்லை, துணி இருந்தது. துணி மெல்ல உள்ளே உப்பியது. வெளியே இழுபட்டது. மறுபடி உப்பியது. கைப்பிடி பேசியது. டக், டக், டக்.

அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கையில் கத்திரி இருந்ததை அவர் பின்னால்தான் பார்த்தார்.

அது போய்விட்டது என்று தெரிந்த பிறகும் இருவரும் வெகுநேரம் அசையவில்லை.

"மாடுதான்" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

மூன்று மாதமாக இல்லை இல்லை என்று வாதாடியவர் உடனே ஒத்துக்கொண்டார்.

"மாடுதான்."

இறங்கிப் பார்க்கலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் குமிழைத் திருகினார். முன்விளக்கு இரண்டும் எரிந்தன. எதிரே பாதை மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போய் எல்லா விளக்கையும் போட்டாள். மெயின் அண்ணன் முற்றத்திலேயே நின்று, அவள் பக்கத்துக் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார். துடைத்து வைத்தது போல, மாடு நக்கியது போலவே பளபளத்தது. தெருவில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டு, நாக்கு நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

உப்பு அப்படியே இருந்தது.